வழுவழுப்பு

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஐந்து லிட்டர் கேன்கள் இரண்டு இருந்தன. வெள்ளை மூடி போட்டதில் இருந்தது பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கொதிக்கவிட்டு வடித்த தண்ணீர். எங்கள் வீட்டுப் பாத்திரத்துக்கு அதைத்தான் எடுப்பேன். நீல மூடி போட்டது விற்பனைக்கு. அதிலும் பூந்திக்கொட்டைச் சாறு இருந்தது, கொஞ்சமாக. மிச்சமெல்லாம் ஆசிட் ஸ்லரியும் காஸ்டிக் சோடாவும் உப்பும் எலுமிச்சை வாசனையும். பாட்டிலில் ஒட்டிய லேபிளில் ‘100 சதவீதம் இயற்கை, கைக்கு இதம், கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம்’ என்று அச்சடித்திருந்தேன். 2021 முதல் 2024 வரை மூன்று வருடம் அப்படி விற்றேன்.

நீல மூடிக் கேனிலிருந்து ஒரு நாளும் என் பேரப்பிள்ளையின் பால் கிண்ணத்தைக் கழுவியதில்லை. தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது.

வெளியூர்க்காரர்களுக்குப் பாப்பாரப்பட்டி என்றால் சுப்பிரமணிய சிவா. 1925 ஜூலை 23 அன்று அவர் உயிர் பிரிந்தது இந்த ஊரில்தான். அவர் நினைவிடத்தைப் பார்க்க இன்றும் ஆட்கள் வருகிறார்கள். எங்களுக்கோ ஊர் என்றதும் நினைவுக்கு வருவது தை பிறந்ததும் திண்ணைகளில் கேட்கும் புளி தட்டுகிற சத்தம். ஓட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அம்மா அந்தக் கூலியில்தான் எங்களை வளர்த்தார். சக்கையைக் கொட்டமாட்டார். கல்லுப்போடு சேர்த்துப் பித்தளைக் குடத்தில் தேய்த்தால் கருப்பு கழன்று குடம் பொன்னாகும். புளியில் இருக்கிற டார்டாரிக் அமிலம் செம்பின் மேல் படிந்த கறையைக் கரைக்கிறது என்று நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் புளியை எங்கே போடக் கூடாது என்பது தெரியும். ஈயம் பூசிய பாத்திரத்தின் உள்பக்கம் புளியையும் செங்கல் பொடியையும் காட்டவே விடமாட்டார். எண்ணெய்ப் பிசுக்குள்ள சட்டிக்கு அடுப்புச் சாம்பல். அடிப்பிடித்த களிச் சட்டிக்கு ராத்திரி முழுக்க ஊறல், காலையில் பீர்க்கங்கூடு. தலைக்கு அரப்பு. பட்டுப் புடவைக்கும் கொலுசுக்கும் பூந்திக்கொட்டை.

சாம்பல் கையைப் பாடாய்ப் படுத்தும் என்பதையும் சொல்ல வேண்டும். அம்மாவின் விரல் நுனிகள் வெடித்துத்தான் கிடந்தன. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு படுப்பார். சாம்பலில் இருப்பதும் காரம்தான். இயற்கை என்பதால் ஒரு பொருள் மெத்தென்று ஆகிவிடாது. இதை நான் சின்ன வயதிலேயே கண்ணால் பார்த்தவள்.

தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் என்ற ஏற்பாடே 1989-ல் எங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் கொண்டுவந்தது. அந்த முதல் தலைமுறைக் குழுக்களில் ஒன்றில் அம்மா இருந்தார். வாராவாரம் கட்டும் சில்லறைக் காசுக்குக் கணக்கு நோட்டு. ஒரு ரூபாய் குறைந்தால் அன்று வீட்டில் யாரும் தூங்க முடியாது. நானும் பின்னால் ஒரு குழுவில் சேர்ந்தேன். 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாநிலத்தில் தடை வந்தபோது துணிப்பை தைத்தோம். அதன் தொடர்ச்சியாகத்தான் இயற்கைத் திரவம் செய்யும் எண்ணம் வந்தது. பழைய பாட்டிலைக் கொண்டுவந்தால் நிரப்பித் தருவோம் என்று ஆரம்பித்தோம்.

முதல் இரண்டு வருடம் சுத்தமாகச் செய்தேன். கொட்டை நீக்கிய பூந்திக்காய் நூறு கிராம், தண்ணீர் ஒரு லிட்டர், இரவு முழுக்க ஊறல், காலையில் இருபது நிமிடம் கொதி, ஆறியதும் பிசைந்து வடி. பழத்தோலும் வெல்லமும் போட்டு மூன்று மாதம் புளிக்கவைக்கும் நொதிநீரும் செய்தேன். வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. தரை துடைக்கவும் குளியலறை ஓட்டில் படிந்த உப்புக்கறைக்கும் அது நன்றாகவே வேலை செய்தது. பள்ளிக்கூடங்களுக்கும் குழுக் கூட்டங்களுக்கும் பேசக் கூப்பிட்டார்கள். கழிப்பறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் நுரையீரலையே பதம் பார்த்துவிடும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வேன். அதைக் கேட்டு ஜன்னலைத் திறந்து வைத்தவர்கள் உண்டு, ஆசிட் வாங்குவதையே நிறுத்தியவர்கள் உண்டு. நான் சொன்ன பத்தில் ஒன்பது உண்மை. பத்தாவதை அந்த ஒன்பதின் மேல்தான் ஏற்றி விற்றேன்.

பூந்திச் சாற்றுக்கு இரண்டு குறை. நாலு நாளில் புளித்து நாற்றம் எடுக்கும். கடையில் வைத்தால் மூடியைத் தூக்கிக்கொண்டு பொங்கும். இன்னொன்று நுரை. இங்கே வீட்டுக்கு இரண்டு தண்ணீர். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது. நிலத்தடி நீரில் இருக்கிற ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுத்த மாவட்டம் இது. அதனால் குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீர். பாத்திரத்துக்கும் துணிக்கும் போர்த் தண்ணீர், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். அதில் சோப்பு திரிந்து வெள்ளை வெள்ளையாக மிதக்கும். பூந்திக்காயின் சபோனின் அப்படித் திரிவதில்லை, அது அதன் நல்ல குணம். ஆனால் எழும்பும் நுரை குறைவு, எண்ணெய்ப் பாத்திரத்தைத் தொட்டதும் அடங்கிவிடும். நுரை இல்லாவிட்டால் அழுக்குப் போகவில்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். வாங்கியவர்கள் இரண்டாம் முறை வரவில்லை. கொரோனா ஊரடங்குக்குப் பிறகு குழுக் கடன் தவணை மூன்று மாதம் நின்றது.

தவணை நின்றதைச் சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. அம்மா இதைவிட மோசமான மாதங்களைப் புளிக் கூலியில் ஓட்டியவர்.

அப்போதுதான் ஆசிட் ஸ்லரிக்குப் போனேன். கடைகளில் அந்தப் பெயரில் கேட்டு வாங்குவது பழுப்பு நிறத்தில் பாகுபோல இருக்கும், மூக்கைச் சுண்டும். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் லீனியர் ஆல்கைல் பென்சீன்தான் அதற்கு மூலப்பொருள். சென்னை மணலியில்கூட அந்த மூலப்பொருள் தயாராகிறது. நாம் வாங்கும் சலவைத்தூள்களில் பாதிக்கு மேல் வேலை செய்வது இந்தக் குடும்பத்துச் சரக்குதான். அதை விஷம் என்று பழி போட நான் வரவில்லை. 1950-களில் வந்த பழைய வகைச் சலவைப் பொருள் ஆறுகளில் மக்காமல் மலை மலையாக நுரைத்து நின்றதால்தான், மக்கக்கூடிய இந்த வகையைக் கொண்டுவந்தார்கள். முறையாகச் செய்து, உள்ளே இருப்பதை வெளியே எழுதி விற்பவரிடம் எனக்கு வழக்கில்லை. நான் செய்தது வேறு.

ஸ்லரி அமிலம். காஸ்டிக் சோடா போட்டுச் சமன் செய்ய வேண்டும். எவ்வளவு போட வேண்டும் என்பதை பி.எச். காகிதம் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் காகிதம் நான் வாங்கவே இல்லை. விரலை விட்டுத் தேய்த்துப் பார்ப்பேன். வழுவழுவென்று இருந்தால் பதம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வேன். காரம் மிஞ்சினால் தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசை அங்கேயே சோப்பாக மாறும். அந்த வழுவழுப்பு அதுதான். என் விரலின் தோல் கரைவதைத்தான் ஒவ்வொரு முறையும் நல்ல சரக்குக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டேன். கடைசியில் பி.எச். காகிதம் வாங்கி, மிச்சமிருந்த கேனில் நனைத்துப் பார்த்த அன்று அது கருநீலமானது. பத்துக்கு மேல். நம் தோல் இருக்க விரும்புவது ஐந்து, ஐந்தரையில்.

குழுவில் என்னோடு இந்த வேலையில் இருந்த நான்கு பேரிடம் அதை ‘நுரைக் கலவை’ என்று சொன்னேன். அவர்கள் அதற்கு மேல் கேட்கவில்லை. கூட்டங்களில் பேசுகிறவள், படித்தவள், இவளுக்குத் தெரியாதா என்று விட்டிருப்பார்கள்.

இனிமேல் சொல்லப்போவதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

கல்யாண மண்டபங்களில் பாத்திரம் விளக்கப் போகிற ஓர் அக்கா. அறுபதை ஒட்டிய வயது. முகூர்த்த நாளில் விடியற்காலை மூன்று மணிக்கு உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். அண்டா, குண்டான், ஜல்லிக்கரண்டி, வடை போட்ட இரும்புச் சட்டி. சலவைத்தூள் கையை அறுக்கிறது என்று என்னிடம் வந்தார். நான் நீல மூடிக் கேனிலிருந்து ஊற்றிக் கொடுத்தேன். சலவைத்தூளுக்குப் போட்டுக்கொண்டிருந்த ரப்பர் கையுறையை, இது இயற்கைதானே என்று கழற்றிவிட்டார். கழற்றலாமா என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் கழற்றினார்.

இரண்டு மாதத்தில் விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக ஊறி உரிந்தது. பிறகு வெடித்தது. ஒரு நாள் வந்து இரண்டு கையையும் என் முன்னால் விரித்துக் காட்டினார்.

“ஏன் கண்ணு, இது எதனால இருக்கும்?”

எனக்குத் தெரியும். அவர் கேட்டு முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது. வாசலில் நின்றுகொண்டிருந்தவரை உள்ளே வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. “இத்தன வருசம் கெமிக்கல்ல கெடந்த கை இல்லீங்களா அக்கா, உள்ள இருந்த நஞ்செல்லாம் வெளிய வருது. பழகிக்கும்” என்றேன்.

இந்த வாக்கியத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த நொடியில் நானே செய்தேன். ஆறுதலாகவும் அறிவாகவும் இருந்தது. அக்கா தலையாட்டினார். “எங் கைக்குத்தான் நல்லது எதுவும் ஒத்துக்க மாட்டேங்குது” என்று சொல்லிக்கொண்டே, கையோடு கொண்டுவந்திருந்த காலி பாட்டிலை நீட்டினார். நான் அதையும் நிரப்பினேன். காசும் வாங்கினேன்.

கறிவேப்பிலைச் செடி ஒன்று அவர் வீட்டு வாசலில் இடுப்பு உயரத்துக்கு நின்றது. லேபிளில் போட்டிருந்தபடி கழுவிய தண்ணீரை அதற்குத்தான் ஊற்றியிருக்கிறார். காரமும் உப்பும் ஏறின மண்ணில் கறிவேப்பிலை மஞ்சளாகிவிடும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் அதைப் பார்த்தேன். பிறகு வேறு தெருவாகப் போக ஆரம்பித்தேன்.

வெடித்த கையோடு பாத்திரத்தில் உட்கார முடியாமல் அக்காவை மண்டபத்தில் கூட்டுகிற வேலைக்கு மாற்றினார்கள். பாத்திரத்துக்கு ஒரு முகூர்த்தத்துக்கு 500 ரூபாய். கூட்டுவதற்கு 300. இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. மளிகைக் கடையில் காதில் விழுந்தது.

அப்போதும் நான் நிறுத்தவில்லை. நிறுத்தியது 2024 கடைசியில். அந்த அக்டோபர் 15 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பசுமைப் பொய் விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. இயற்கை, சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்றெல்லாம் போட்டால் அதற்குச் சான்று காட்ட வேண்டும், முழு விவரம் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். 1991-லேயே ஈக்கோமார்க் முத்திரைத் திட்டம் வந்து, சோப்பும் சலவைப் பொருளும் அதற்குள் இருந்தன என்பதையும் அப்போதுதான் படித்தேன். பெரிய கம்பெனிகளைப் பற்றித்தான் இருக்கும் என்று செய்தியை எடுத்தேன். படிக்கப் படிக்க என் பாட்டிலைத்தான் விவரித்திருந்தது. பயந்துபோய்த்தான் நிறுத்தினேன். மனசாட்சியால் நிறுத்தினேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். கை உரிந்தபோது நிற்காதவள் அபராதம் என்ற சொல்லுக்கு நின்றேன்.

குழுவில் முதலில் சொன்னேன். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள், இன்னும் பேசுவதில்லை. மளிகைக் கடைகளில் வைத்திருந்த பாட்டில்களைத் திரும்ப எடுத்து, உள்ளே என்ன இருந்தது என்று தாளில் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். கேனில் மீந்ததை அப்படியே சாக்கடையில் விட மனம் வரவில்லை. லெமன் சால்ட் கரைத்து ஊற்றி, காகிதம் ஏழைக் காட்டும்வரை சமன் செய்து, பின்கட்டுச் சிமென்ட் தரையைக் கழுவித் தீர்த்தேன். வாங்கியவர்கள் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்வது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். பதினேழு வீடு பாக்கி இருக்கிறது. அதில் ஒன்று, எங்கள் வீட்டில் பெண் எடுத்த வீடு.

பூந்திக்காயை நான் விடவில்லை. தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து விற்க நினைத்ததுதான் முதல் கோணல் என்று இப்போது படுகிறது. கொட்டை எடுத்துக் காயவைத்த தோலாகக் கொடுத்தால் வருடக் கணக்கில் கெடாது. அவரவர் வீட்டில் இரண்டு நாளைக்கு வேண்டியதை ஊறப்போட்டுக்கொள்ளலாம். துணிப்பையில் கட்டித் தருகிறேன், கூடவே ஒரு தாள். நுரை கொஞ்சமாகத்தான் வரும். எண்ணெய்ப் பாத்திரத்தை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டு வெந்நீரில் கழுவுங்கள். மண்டப அண்டாவுக்கு இது மட்டும் போதாது. கண்ணில் பட்டால் எரியும். மீன் இருக்கிற குளத்திலோ தொட்டியிலோ ஊற்றாதீர்கள், செத்துப்போகும். இதை அரைத்துக் கலக்கி மீன் பிடித்த வழக்கம் பல ஊர்களில் இருந்தது. கை வெடித்திருந்தால் எதுவானாலும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவையும் படித்துவிட்டுப் பாதிப் பேர் பையைத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். வைத்துவிட்டுப் போகட்டும்.

அக்கா வீட்டுக்குத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுத்தான் போனேன். பட்டியலில் முதல் பெயர் அவருடையது. கறிவேப்பிலை இருந்த இடத்தில் குச்சிதான் இருந்தது. வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். நான் மண்ணில் உட்கார்ந்தேன். பாட்டிலில் என்ன கலந்தேன், எவ்வளவு கலந்தேன், எங்கள் வீட்டுக்கு எந்தக் கேன், அன்றைக்கு வாசலில் வைத்துச் சொன்னதை எப்படி அந்த நொடியில் கட்டினேன் எல்லாம் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல் வாயில் வந்தது. அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் இடுக்குகள் ஆறியிருந்தன, தோல் மட்டும் தடித்துப்போயிருந்தது.

“அப்ப எங் கை மேல தப்பு இல்ல” என்றார். கேள்வியா இல்லையா என்று எனக்குப் புரியவில்லை. “இல்லீங்கக்கா” என்றேன்.

மடியில் முடிந்து வைத்திருந்த 2,200 ரூபாயை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கூட்டப் போன பதினொரு முகூர்த்தத்துக்கு, முகூர்த்தத்துக்கு 200 குறைந்த கூலி. மண்டபத்தில் கேட்டு எழுதிவைத்திருந்தேன். புளித் தூசியைத் தட்டிவிட்டு அவர் நோட்டுகளை எண்ணினார். பிறகு விரலை மடக்கி, மாதம் மாதமாகத் தனக்குள் ஒரு கணக்குப் போட்டார்.

“வைகாசில ரெண்டு வுட்டுட்ட கண்ணு” என்றார்.

மறுநாள் காலை 400 ரூபாய் கொண்டுபோனேன். அதையும் எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டு, புளிச் சுத்தியலை எடுத்துக்கொண்டார்.